தண்ணீர் கேட்ட கூந்தல்

அத்தியாயம் 12

பஞ்சுவின் அம்மா தன் அக்காவின் பிரசவத்துக்கு உதவியாக வெளியூர் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. குறைமாதக் குழந்தை, தாய்க்கும் உடம்பு தேறவில்லை. இன்னும் நாலு நாள், இன்னும் நாலு நாள் என்று தள்ளிக்கொண்டே போன பயணம் ஒருவழியாக முடிவுக்கு வந்திருந்தது. கடவுள் புண்ணியத்தில் தாயும் சேயும் பிழைத்துக்கொண்டார்கள். நாளைக் காலை அம்மா வீட்டில் இருப்பாள்.

இந்த நல்ல செய்தியைக் கேட்டுத் துள்ளிக் குதிக்க வேண்டிய இரண்டு பேர், சனிக்கிழமை விடியற்காலையில் சமையலறை மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உட்கார்ந்து திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருவர் டிரைவர். நகரப் பேருந்து ஓட்டுகிறவர். தெருவில் எல்லாருக்கும் அவர் டிரைவர்தான். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

இன்னொருத்தி அவருடைய பதினோரு வயது மகள். பிறந்தபோதே தலை நிறைய முடி, அதுவும் குட்டிக் குட்டி ஸ்பிரிங் போல இறுக்கமாகச் சுருண்டு பஞ்சுப் பொதியாக இருந்ததால், அவரே ஆசையாக வைத்த பெயர் பஞ்சு. இப்போது அந்தப் பெயரைச் சொல்லவே அவருக்கு நாக்கு கூசியது.

பஞ்சு தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். டிரைவர் பார்த்தார். நேற்று எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது. ராத்திரியோடு ராத்திரியாக அதுவாகவே சரியாகிவிடும் என்று அவர் ஏன் நம்பினாரோ, அவருக்கே தெரியாது.

முடி முழுவதும் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒட்டிக்கொண்டு மங்கிக் கிடந்தது. பிடரியில் கைப்பிடி அளவுக்கு ஒரு கட்டி. தொட்டால் மிதியடி மாதிரி சொரசொரத்தது.

தப்பு எங்கே ஆரம்பித்தது என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அம்மாவும் மகளும் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். உள்ளே தண்ணீர்ச் சத்தம், சிரிப்புச் சத்தம், யாரையோ கிண்டல் செய்யும் சத்தம். பெரும்பாலும் அவரைத்தான். கதவு திறந்ததும் மகள் பளபளவென்று இரட்டைப் புரி இரட்டைப் புரியாக முறுக்கிவிட்ட தலையோடு வெளியே வருவாள். இத்தனை வருஷமும் அந்தக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டுப் பேப்பர் படித்த மனிதர் அவர். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. தலை வாருகிறார்கள், வேறென்ன.

ஊருக்குக் கிளம்பும்போது மனைவி கேட்டாள், "தலையை யாரு பார்த்துப்பாங்க?" பஞ்சு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நானே பார்த்துக்குவேன். நான் என்ன சின்னக் குழந்தையா?" என்றாள். முதல் ஞாயிறே கை வலித்து, கண்ணில் நீர் முட்டி, சீப்பைத் தூக்கி எறிந்தாள்.

அப்புறம் அப்பா கையில் எடுத்தார். முடியைப் பற்றி அவருக்குத் தெரிந்த சாஸ்திரம் ஒன்றே ஒன்றுதான்: முரடாக இருந்தால் எண்ணெய் வை. வைத்தார். இன்னும் முரடாக இருந்தது. இன்னும் வைத்தார். உலர்ந்த தலையில் எண்ணெயை அப்பி, நெருக்குப் பல் சீப்பை உச்சியில் குத்திக் கீழ்நோக்கி இழுத்தார். பஞ்சு போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டி, "என்ன சார், எல்லாம் நல்லாதானே இருக்கு?" என்று விசாரித்தார். அதோடு சீப்பு அலமாரிக்குள் போயிற்று. தலைக்கு மேல் துணி ஏறியது. அம்மா வீடியோவில் கூப்பிட்டால் விளக்கை அணைத்துவிட்டு, "கரண்ட் இல்லம்மா" என்பாள் மகள். அக்கா உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கும் வீட்டில் இருப்பவளிடம் போய் முடிச் சிக்கலைப் பேசுவதா என்று டிரைவரும் வாயை மூடிக்கொண்டார்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

"கதவு திறந்து கிடக்கு, வீட்ல ஆள் இருக்கீங்களா இல்லையா?"

டிரைவரின் அக்கா. பெரிய கடைத்தெருவில் ஓர் அழகு நிலையத்தில் வேலை செய்வதால் எல்லாருக்கும் அவர் பார்லர் அக்கா. கல்யாண அலங்காரம் உள்ள நாட்களில் விடியலிலேயே வேலைக்குப் போகிற வழியில் தம்பியை எட்டிப் பார்த்துவிட்டுப் போவது வழக்கம். பஞ்சு அவசரமாகத் துணியை எடுத்தாள். அத்தையின் கண் அதைவிட அவசரக்காரக் கண்.

"என்னடா இது?"

"சிக்குக்கா."

"சிக்கா? இதுக்குப் பேர் சிக்கா? உள்ள குருவி ஏதாவது குடும்பம் நடத்துதான்னு பார்த்தியா?" அத்தை பிடரிக் கட்டியை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. "இது வராதுடா. ஒண்ணு கத்திரி. இல்லேன்னா கிரீம் போட்டு நேராக்கணும். முன்னாடியே நான் சொன்னதுதானே. கேட்டாளா உன் பொண்டாட்டி?"

போன வருஷம் இதே பேச்சில்தான் இரண்டு பெண்களுக்கும் முட்டிக்கொண்டது. நாத்தனார் நல்லதுக்குத்தான் சொன்னார். சொன்ன விதம் சரியில்லை. 'இந்த முடியோட ஒரு பொண்ணை எப்படி வெளிய அனுப்புற' என்று கேட்டுவிட்டார். பஞ்சுவின் அம்மா, 'என் பொண்ணு தலையில மருந்து படக் கூடாது, நீங்களும் தொடக் கூடாது' என்று சொன்னதோடு சரி. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

"அவ வரட்டும்க்கா. கேட்டுக்கிட்டு..."

"வந்து இதைப் பார்த்தா உன்னை என்ன பண்ணுவான்னு யோசிச்சியா?"

டிரைவர் யோசித்தார். யோசித்த முகத்தைப் பார்த்தே அக்காவுக்கு இரக்கம் வந்துவிட்டது.

"கிரீமே போடுங்க அத்தை," என்றாள் பஞ்சு.

இருவரும் திரும்பினார்கள். பஞ்சு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன். எனக்கு நேரா இருந்தா போதும். எல்லாரையும் மாதிரி."

அந்தக் கடைசி வார்த்தை டிரைவரை எங்கேயோ குத்தியது. இது சிக்கைப் பற்றின பேச்சு மட்டும் இல்லை என்று பட்டது. ஆனால் கேட்க நேரமில்லை. முதல் டிரிப்புக்கு வண்டி எடுக்க வேண்டும்.

"சாயங்காலம் வரைக்கும் டயம் குடுக்கா. நீ வேலை முடிச்சு வர்ற வரைக்கும். அதுக்குள்ள முடியலைன்னா நீ சொல்றபடி."

"நீ என்னடா பண்ணப்போற?"

"தெரியல," என்றார் டிரைவர், உண்மையாக.

பள்ளி விடுமுறை. மகளைத் தனியாக விட மனசில்லாமல் பேருந்திலேயே அழைத்துப் போனார். தன் இருக்கைக்குப் பின்னால் ஜன்னலோரம் உட்கார வைத்தார். கண்டக்டர் பழைய சிநேகிதர். டிக்கெட் மை படிந்த விரலால் பஞ்சுவின் மூக்கைத் தொட்டு, "இன்ஸ்பெக்டர் மேடமே வந்துட்டாங்க, இன்னிக்கு ஒழுங்கா வேலை பார்க்கணும்" என்றார்.

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் வழக்கமாக ஏறும் நர்ஸ் அம்மா ஏறினார். இரவு வேலை முடித்து வீட்டுக்குப் போகிறவர். ஏறி உட்கார்ந்ததும் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவார். கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர்தான் எழுப்புவார்.

டிரைவர் அவரை மாதக்கணக்காகக் கண்ணாடியில் பார்த்திருக்கிறார். இன்றுதான் அவருடைய தலையைப் பார்த்தார். காது இரண்டையும் மூடிக்கொண்டு, சின்னச் சின்னச் சுருளாக, கறுகறுவென்று ஒரு கிரீடம். பஞ்சுவின் தலை நல்ல நாளில் எப்படி இருக்குமோ அதே தலை.

கடைசி நிறுத்தத்தில் இன்ஜினை அணைத்துவிட்டுக் கண்டக்டரிடம் குனிந்தார்.

"நீங்க எழுப்பும்போது அப்படியே ஒரு விஷயம் கேக்கணும். அவங்க முடியை எப்படிப் பார்த்துக்குறாங்கன்னு."

கண்டக்டர் இரண்டடி பின்னால் போனார். "அண்ணே, எனக்குக் கல்யாணம் ஆகி ரெண்டு புள்ளைங்க இருக்கு. ஒரு பொம்பளைகிட்ட போய் உங்க முடி எப்படின்னு நான் கேக்கணுமா? நீங்களே கேளுங்க. அடி விழுந்தா நான் சாட்சி சொல்றேன்."

வேறு வழியில்லாமல் டிரைவரே போனார்.

"சிஸ்டர். தப்பா நினைக்கக் கூடாது. உங்க முடி..."

நர்ஸ் அம்மா கண்ணைத் திறந்தார். "என் முடிக்கு என்ன?"

கண்டக்டர் ஜன்னல் வழியாக ஆகாயத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"அது நல்லா இருக்கு. அதாவது, அப்படிச் சொல்ல வரலை. என் பொண்ணுக்கு..." டிரைவருக்குப் பேச்சு குழறியது. மகள் பக்கம் கையைக் காட்டினார்.

நர்ஸ் அம்மா திரும்பினார். துணிக்குள் இருந்து தப்பித்து நெற்றியில் நின்ற ஒரு சுருளைப் பார்த்தார். அவ்வளவுதான், எல்லாம் புரிந்துவிட்டது போல முகம் இளகியது. எழுந்து வந்து பஞ்சுவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான் பார்க்கலாமாம்மா?"

இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. பள்ளியில் கேட்காமலே கையை விடுவார்கள். பஞ்சு தலையாட்டினாள்.

நர்ஸ் அம்மா துணியை மெல்ல விலக்கிப் பார்த்தார். முகம் சுளிக்கவில்லை. "கடைசியா எப்ப நல்லா தண்ணி பட்டுச்சு?"

"தெரியல."

"எண்ணெய் தினமும் வெக்கிறேன் சிஸ்டர்," என்றார் டிரைவர், அதையாவது சரியாகச் செய்தோம் என்ற நினைப்பில்.

"அது தெரியுது." அவர் சிரித்தார். "எண்ணெய்ங்கிறது மூடி மாதிரி டிரைவர் சார். பாத்திரத்துல தண்ணி இருந்தாதான் மூடிக்கு வேலை. நீங்க காலிப் பாத்திரத்துக்கு மூடி மேல மூடியா போட்டுக்கிட்டே இருந்திருக்கீங்க. இந்த முடிக்குத் தாகம்."

"வெட்டணுமா?"

"யாரு சொன்னா? பொறுமை இருந்தா ஒரு மத்தியானத்துல பிரிஞ்சிடும். மருந்து ஒண்ணும் வேணாம். வெதுவெதுப்பா தண்ணி. வழவழன்னு நல்ல கண்டிஷனர் ஒரு பாட்டில், கஞ்சத்தனம் பண்ணாம. அகலப் பல் சீப்பு. ஆனா முதல்ல சீப்பு இல்ல, விரல். தலையைப் பங்கு பங்கா பிரிச்சுக் கட்டிக்கிட்டு, ஒவ்வொரு பங்கா எடுக்கணும். நுனியில ஆரம்பிச்சு மேல போகணும். சிக்குக்கு மேல முடியை இப்படி இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா இழுக்குற வலி தலைக்குப் போகாது."

"நுனியிலேர்ந்தா? நான் உச்சியிலேர்ந்துல்ல இழுத்தேன்."

"உச்சியிலேர்ந்து இழுத்தா வழியில இருக்குற சிக்கெல்லாம் கீழ போய்ச் சேர்ந்து ஒண்ணா இறுகிடும்."

 டிரைவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. "சந்துல வண்டி எல்லாம் மாட்டிக்கிட்ட மாதிரி. முன்னாடி நிக்கிறவன் எவ்வளவு முட்டினாலும் நகர முடியாது. கடைசியில நிக்கிற வண்டி பின்னால போனாதான் ஒவ்வொண்ணா வெளிய வரும்."

"அதேதான்."

"இது எனக்குத் தெரியுமே," என்றார் டிரைவர் ஆச்சரியத்தோடு.

"அண்ணே, ஹாரன் மட்டும் அடிச்சிடாதீங்க," என்றார் கண்டக்டர். பஞ்சு பல நாள் கழித்துச் சிரித்தாள்.

நர்ஸ் அம்மா இறங்கும்போது திரும்பினார். "கையோட கொத்துக் கொத்தா முடி வரும். பயந்துபோய் நிறுத்திடாதீங்க. தினமும் தானா உதிர்ற முடி மத்தவங்களுக்குத் தரையில விழுந்துடும். நமக்குச் சுருளுக்குள்ளயே மாட்டிக்கும். இத்தனை நாள் சேர்ந்தது ஒரே நாள்ல வெளிய வரும்." பிறகு பஞ்சுவிடம் குனிந்து, "நமக்குன்னு சொன்னேன், கவனிச்சியா?" என்றார்.

ராத்திரி முழுக்க நோயாளிகளுக்காகக் கண்விழித்த பெண், தெரியாத ஒரு குழந்தைக்காகத் தன் தூக்கத்தையும் விட்டுக்கொடுத்தார். கடவுள் உதவிக்கு வரும்போது மேளதாளத்தோடு வருவதில்லை. சில நாள் டிக்கெட் எடுத்துக்கொண்டு நம் வண்டியிலேயே ஏறுகிறார்.

மதியம் வேலை முடிந்து கடையில் வேண்டியதை வாங்கிக்கொண்டு வீடு வந்தார்கள். டிரைவர் குளியலறைக்குள் மகள் உட்கார முக்காலி போட்டார். வெந்நீரை விளாவினார். வாசலில் ஒரு கணம் தயங்கினார். இத்தனை வருஷம் வெளியே உட்கார்ந்திருந்த கதவு. மனசுக்குள் ஒரு வார்த்தை பிரார்த்தனை செய்துவிட்டு உள்ளே போனார்.

முதல் குவளைத் தண்ணீர் தாமரை இலையில் விழுந்ததுபோல உருண்டு ஓடியது. ஒரு சொட்டுகூட உள்ளே போகவில்லை. அவ்வளவு எண்ணெய். இரண்டாவது, மூன்றாவது குவளைக்கும் அதே கதைதான். டிரைவர் வெந்நீரில் கண்டிஷனரைக் குழைத்துக் கையில் எடுத்து, பிழிந்து பிழிந்து விட்டார். வெகுநேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு எங்கோ ஓர் இடத்தில் முடி நீரைக் குடிக்க ஆரம்பித்தது. உள்ளங்கைக்குக் கீழே அது கனப்பதும் இளகுவதும் தெரிந்தது. நெல்லிக்காய் அளவுக்கு அவர் எடுத்து வைத்த கண்டிஷனர் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. இன்னும் இன்னும் என்று கேட்டது.

"அப்பா, சில்லுன்னு இல்ல. நல்லா இருக்கு," என்றாள் பஞ்சு கண்ணை மூடிக்கொண்டு.

தலையை நாலு பங்காகப் பிரித்துக் கொடியிலிருந்து எடுத்த துணி கிளிப்புகளை மாட்டினார். நெற்றிப் பக்கத்துப் பங்கை மட்டும் அவிழ்த்துக்கொண்டார். கியர் பிடித்துக் காய்த்துப்போன விரல்கள். அவற்றுக்கு இந்த வேலை புதிது. நுனியில் ஒரு சின்ன முடிச்சு. சிக்குக்கு மேலே இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இரு விரலால் பக்கவாட்டில் விலக்கினார். வழுக்கிக்கொண்டு பிரிந்தது.

"வலிக்குதா?"

"எது?"

"பிரிச்சுட்டேனே."

"பொய். எனக்குத் தெரியவே இல்ல."

டிரைவருக்கு ஒரு பெரிய பாலத்தைக் கடந்துவிட்ட மாதிரி இருந்தது.

முடிச்சு முடிச்சாக நகர்ந்தார்கள். விரல், பிறகு சீப்பு. நுனி, பிறகு சற்று மேலே. சீப்பில் எலுமிச்சை அளவுக்கு முடி உருண்டு வந்தபோது டிரைவரின் கை நின்றுவிட்டது. வழுக்கைத் தலையோடு மகளை மனைவி முன்னால் நிறுத்துவதுபோல ஒரு காட்சி கண்ணுக்குள் ஓடியது.

"அப்பா, சிஸ்டர் சொன்னாங்கல்ல. அது ஏற்கெனவே உதிர்ந்தது."

"ஆமாம்ல. நான் சும்மா பார்த்தேன்."

"அப்புறம் ஏன் கை நின்னுடுச்சு?"

"தண்ணி ஆறிப்போச்சு, அதான்."

மெதுவாகப் பேச்சு வந்தது. முகம் பார்க்காமல் உட்கார்ந்திருக்கும்போது சில விஷயங்களைச் சொல்வது சுலபம். வகுப்பில் பின்வரிசைப் பெண்கள் அவள் முடியில் பென்சில் செருகும் விளையாட்டைப் பற்றிப் பஞ்சு சொன்னாள். யார் செருகினதை அவள் கண்டுபிடிக்கவில்லையோ அவர்களுக்கு ஒரு பாயிண்ட். ஒரு நாள் வீட்டுக்கு வந்து அவிழ்த்தபோது உள்ளே மூன்று பென்சில்.

"அம்மாகிட்ட சொன்னியா?"

"அம்மா ஊருக்குப் போனதுக்கு அப்புறம்தான் ஆரம்பிச்சாங்க. அம்மா வாரி விட்டா இறுக்கமா இருக்கும், செருக முடியாது."

 டிரைவருக்குக் கோபத்தில் ஏதேதோ வாயில் வந்தது. அதையெல்லாம் விழுங்கிவிட்டு, கையில் இருந்த ஒரு சின்னச் சிக்கைப் பிரித்து முடித்தார். பிறகு சொன்னார்:

"என் முடியும் இதேதான் தெரியுமா? கொஞ்சம் வளர்ந்தாலே போய் ஒட்ட வெட்டிப்பேன். சின்ன வயசுலேர்ந்து. அது வளர்ந்தா எப்படி இருக்கும்னு நானே பார்த்ததில்ல. உன்னுதுல பார்த்தாதான் உண்டு."

 பஞ்சு தலையைப் பின்னால் சாய்த்து அவர் மேல் வைத்துக்கொண்டாள்.

மூன்று பங்கும் பிரிந்தன. வெளியே வெயில் தணிந்தது. மிச்சம் பிடரிக் கட்டி.

அது மசியவில்லை. கண்டிஷனரை ஊற்றி ஊறவைத்தார். விரலை நுழைக்க இடமே இல்லை; எது நுனி என்றே தெரியவில்லை. டிரைவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, விரல் மரத்தது. ஓரிடத்தில் கை தவறி இழுத்துவிட்டார். பஞ்சு வீறிட்டாள். அதுவரை தாங்கிக்கொண்டிருந்த அழுகை எல்லாம் மொத்தமாக வந்தது.

அந்த நேரம் பார்த்துப் பார்லர் அக்கா கைப்பையோடு வாசலில் நின்றார்.

"என்னடா, ஆச்சா?"

"அத்தை, போதும். கிரீம் போட்டுடுங்க," என்றாள் பஞ்சு விசும்பிக்கொண்டே. "நேராவே இருக்கட்டும். எனக்கு இது வேணாம்."

டிரைவர் சீப்பைக் கீழே வைத்தார். சாயங்காலம் வரைக்கும் என்று கேட்டது அவர்தான். மகளே வேண்டாம் என்று சொன்ன பிறகு எந்த வாயால் தடுப்பார்? சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

அத்தை பையைத் திறந்தார். டப்பாவை வெளியே எடுத்து வைத்தார். ஒரு ரப்பர் கையுறையை உதறி, பழகிய வேகத்தில் வலது கையில் மாட்டினார். அடுத்ததை எடுத்தார்.

பஞ்சு கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். "கையில எதுக்கு அத்தை அது?"

"இல்லேன்னா கை எரியும்டி, தோல் பொத்துப்போயிடும்..."

சொன்ன வார்த்தை வாயை விட்டு வந்த பிறகுதான் அத்தையின் காதுக்குப் போயிற்று.  பஞ்சு தன் தலையை ஒரு கையால் மெல்லத் தொட்டுக்கொண்டாள். அவ்வளவுதான்.



பார்லர் அக்கா இரண்டாவது கையுறையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். எத்தனையோ தலைகளுக்கு அந்தக் கிரீமைப் போட்டிருக்கிறார்; எல்லாருக்கும் முதலில் தனக்குத்தான் போட்டுக்கொண்டார். காதுக்குப் பின்னால் அது பட்டுப் பொத்துப்போன தழும்பை மறைக்கவே கொண்டையைத் தாழ்த்திப் போடுகிறவர். கையுறை எதற்கு என்று இத்தனை நாளில் ஒருவரும் அவரைக் கேட்டதில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

கையுறையைக் கழற்றினார். டப்பாவைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார்.

"தள்ளி உட்காருடா. நீயும் உன் விரலும். வாழைத்தாரு மாதிரி வெச்சுக்கிட்டு முடிச்சு அவுக்க வந்துட்டான்."

முக்காலிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தார். கட்டியைக் கையில் ஏந்தித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கண்ணுக்கு மட்டும் ஏதோ தெரிந்தது. வகிடெடுக்கும் தன் வால் சீப்பின் மெல்லிய முனையை ஓரமாக விட்டு, இழுக்காமல், நடுவே ஒரு வழி கீறினார். கட்டி இரண்டானது. ஒவ்வொன்றையும் மறுபடி இரண்டாக்கினார். தம்பி ஊற்ற ஊற்ற, தண்ணீரும் கண்டிஷனரும் அந்த இடைவெளிகளில் இறங்கின.

"வலிச்சா சொல்லு."

"ம்."

"ம்னா வலிக்குதா, வலிக்கலையா?"

"வலிக்கல அத்தை."

கடைசி முடிச்சும் பிரிந்தது. மகளின் கழுத்து இத்தனை நாள் கழித்துத் தளர்ந்து நிமிர்ந்ததை டிரைவர் பார்த்தார். அவர் உதடுகள் கடவுளுக்கு நன்றி சொல்லி அசைந்தன.

தலையை அலசினார்கள். டிரைவரின் பழைய பருத்திச் சட்டையால் ஒற்றி எடுத்தார்கள். ஈரம் இருக்கும்போதே துளி எண்ணெய். இந்த முறை மூடி சரியான பாத்திரத்துக்கு. அத்தை ஒவ்வொரு பங்கையும் இரண்டு புரியாக முறுக்கத் தொடங்கினார். பஞ்சு கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, நெற்றியில் ஒரு சுருளை மூக்கு வரை இழுத்து விட்டாள். அது துள்ளிக்கொண்டு தன் இடத்துக்கே போயிற்று. இன்னொரு முறை இழுத்தாள். அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உங்களுக்கும் இப்படித்தானா அத்தை?"

"வேர்ல இப்படித்தான் வருது. வந்ததும் வராததுமா கிரீமைப் போட்டு அமுக்கிடுவேன். எவ்வளவு சுருள்னு மறந்தே போச்சுடி."

பஞ்சு கண்ணாடியைச் சாய்த்து அத்தையின் முகத்தைப் பார்த்தாள். "திங்கக்கிழமை நான் இப்படியே ஸ்கூலுக்குப் போறேன். கிரீம் வேணாம். பென்சில் வெச்சாங்கன்னா எடுத்து நானே வெச்சுக்கிறேன். நல்ல பென்சிலா இருந்தா."

டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாளியைக் கழுவ ஆரம்பித்தார். கழுவ அதில் ஒன்றும் இல்லை.

போன் அடித்தது. அம்மா, வீடியோவில்.

பஞ்சு எழுந்து போய்க் குளியலறை விளக்கு, கூடத்து விளக்கு இரண்டையும் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகுதான் எடுத்தாள்.

"கரண்ட் வந்துடுச்சாடி? அப்பாடா, இன்னிக்காவது உன் முகத்தைப்..." அம்மா நிறுத்தினாள். பாதி முறுக்கியும் பாதி விரிந்தும் ஈரத்தில் மின்னிய தலையை வெகுநேரம் பார்த்தாள்.

"அம்மா, கரண்ட் போகவே இல்ல. நான் பொய் சொன்னேன். என்னால பார்த்துக்க முடியல. எல்லாம் சிக்காயிடுச்சு."

"சரி," என்றாள் அம்மா மெல்ல. "இப்ப யாரு பிரிச்சது?"

"முக்கால்வாசி அப்பா. கழுத்துக்கிட்ட இருந்தது கஷ்டம். அதை அத்தைதான்."

 பார்லர் அக்கா சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். எழுந்து, சத்தம் போடாமல், பை இருந்த பக்கம் நகர்ந்தார்.

"அத்தை அங்கதான் இருக்காங்களா?"

"இருக்காங்க."

"போனை அவங்ககிட்ட குடு."

அத்தையின் இரண்டு கையும் எண்ணெய் பட்டு வழவழவென்று இருந்தது. டிரைவரே போனை வாங்கி அக்காவின் முகத்துக்கு நேராகப் பிடித்தார். திரையில் இருந்தவள் தூக்கமில்லாத கண்களோடு நாத்தனாரைப் பார்த்தாள்.

"அண்ணி," என்றாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு வந்த வார்த்தை. "நாளைக்குக் காலையில நான் வரும்போது நீங்க அங்க இருக்கணும். உங்ககிட்ட பேசணும்."

குரலில் இருந்தது கோபமா, வேறு ஏதாவதா என்று இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய டிரைவராலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. அக்கா வாசலைப் பார்த்தார். இன்னும் முறுக்காமல் கிடந்த அந்த ஒரு பங்கு முடியைப் பார்த்தார்.

அவர் வாய் திறப்பதற்குள் பஞ்சு கையை நீட்டி, அத்தையின் கைப்பையை எடுத்துத் தன் மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.